பாலைவனத்தைப் பாலைவனம் என்றவர்



ஹை ஸ்கூலில் புவியியல் வகுப்பு என்றாலே கொட்டாவி வருகிறது என்று நம் பிள்ளைகளில் சிலர் சொல்வதுண்டு. மழை எத்தனை மில்லிமீட்டர், வெயில் எத்தனை டிகிரி என்று கோடு போடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அந்த மழைக் கணக்குக்காகவே ஒருவர் இந்த நாட்டில் ஏச்சும் பேச்சும் வாங்கினார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் கிரிபித் டெய்லர்.

1880இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பனார் உலோகங்களை ஆராயும் நிபுணர். 1893இல் குடும்பம் சிட்னிக்கு வந்தபோது டெய்லருக்கு வயது 12. உங்களில் சிலரைப் போல அவரும் பள்ளிப் பருவத்தின் நடுவில் வேறு தேசத்திலிருந்து வந்து சேர்ந்தவர்தான். பரமட்டாவில் உள்ள கிங்ஸ் பள்ளியில் படித்தார். சிட்னி பல்கலைக்கழகத்தில் எட்ஜ்வர்த் டேவிட் என்ற மண்ணியல் பேராசிரியரிடம் பயின்று, 1907இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார்.

அங்கிருந்து அவர் பாதை தென் துருவத்துக்குத் திரும்பியது. 1910இல் புறப்பட்ட கேப்டன் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் அவர் மூத்த மண்ணியலாளர். தம்மோடு சிலரைக் கூட்டிக்கொண்டு, பனியே இல்லாத வறண்ட பள்ளத்தாக்குகளில் நடந்து வரைபடம் வரைந்தார். 1911இல் ஒரு பனியாற்றின் முனையிலிருந்து சிவப்பாக நீர் வடிவதைக் கண்டார். இன்று அதை இரத்த அருவி என்கிறார்கள். பாசியால் வந்த நிறம் என்று அவர் எண்ணினார்; பிறகுதான் அது இரும்புத் துரு என்று தெரிந்தது. அந்தப் பனியாறு இப்போது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அவரோடு நடந்தவர்களில் ஒருவர் பிராங்க் டெபன்ஹாம். பவ்ரல் ஊர்ப் போதகரின் மகன், அதே கிங்ஸ் பள்ளி மாணவன்! இன்னொருவரான எட்கர் எவன்ஸ் அடுத்த ஆண்டு ஸ்காட்டோடு துருவம் வரை போய், திரும்பும் வழியில் உயிர்விட்டார். டெய்லர் ஊர் திரும்பினார்.

பிறகு மெல்பனில் இருந்த வானிலை ஆய்வகத்தில் வேலை. நாடெங்கும் இருந்து வரும் மழைக் கணக்கும் வெப்பக் கணக்கும் அங்கே குவிந்து கிடந்தன. ஓர் ஊரின் வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் மாதம் மாதமாகப் புள்ளி வைத்து, பன்னிரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு படம் போட்டார். பார்த்த உடனே அந்த ஊரில் மனிதர் எவ்வளவு சுகமாக வாழலாம் என்று தெரிந்துவிடும். வகுப்பில் நீங்கள் போடும் தட்பவெப்பப் படத்துக்கு இது நெருங்கிய உறவு.

1920இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆஸ்திரேலியாவின் முதல் புவியியல் துறையை அவர் தொடங்கினார். தொல்லையும் தொடங்கியது. அப்போது இந்த நாட்டில் சுமார் 55 லட்சம் பேர்தான் இருந்தார்கள். அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் இங்கே 10 கோடி பேர் வாழலாம், 20 கோடி பேர் வாழலாம் என்று முழங்கினார்கள். உள்நாட்டில் தண்ணீர் மட்டும் பாய்ச்சினால் தங்கம் விளையுமாம். டெய்லர் மழை வரைபடத்தை விரித்துக் காட்டினார். கண்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழைகூட இல்லை. அது வறண்ட நிலம், பாலைவனம், அங்கே கூட்டமாகக் குடியேற முடியாது என்றார். 2000ஆம் ஆண்டில் நாட்டின் மக்கள் தொகை 2 கோடியை ஒட்டித்தான் இருக்கும் என்று கணக்கும் சொன்னார்.

வானம் பார்த்த பூமி என்று நம் ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ராமநாதபுரத்தில் அதைச் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. இங்கே தேசத் துரோகம் போலப் பார்த்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்வி அதிகாரிகள் அவருடைய பாடநூலையே தடை செய்தார்கள். குற்றம் என்ன? வறண்டது, பாலைவனம் என்ற சொற்கள்! 1924இல் ஸ்டெபான்சன் என்ற வடதுருவப் பயணி இங்கே வந்து, உள்நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அது பாலைவனமே அல்ல என்றார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஆகாப் ராஜாவின் முன் நானூறு தீர்க்கதரிசிகளுக்கு எதிரே தனியாக நின்ற மிகாயாவை ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த நிலைமைதான். டெய்லரை யாரும் சிறையில் போடவில்லை, அவ்வளவே.

இது வெறும் சொற்சண்டை அல்ல. தென் ஆஸ்திரேலியாவில் 1865இலேயே கோய்டர் என்ற நில அளவையாளர், இதற்கு வடக்கே பயிர் வைக்காதீர்கள் என்று ஒரு கோடு வரைந்து கொடுத்தார். சில ஆண்டுகள் நல்ல மழை பெய்ததும் குடியானவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் வீடு கட்டினார்கள். 1880களில் வறட்சி வந்தது. அந்தக் கல்வீடுகள் கூரையில்லாமல் இன்றும் நிற்கின்றன. டெய்லர் பயந்தது இதற்குத்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மனிதரை இனம் இனமாகப் பிரித்து அவர் எழுதியவற்றை இன்று அறிஞர்கள் ஏற்பதில்லை. படிக்க நமக்குச் சங்கடமாகவும் இருக்கும். ஆனாலும் வெள்ளையருக்கு மட்டுமே ஆஸ்திரேலியா என்ற கொள்கையை அந்தக் காலத்திலேயே கேள்வி கேட்டவரும் அவர்தான்.

சிட்னியில் முழுப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1928இல் சிகாகோவுக்குப் போனார். 1935இல் டொரோண்டோவில் இன்னொரு புவியியல் துறையைத் தொடங்கினார். 1951இல் சிட்னிக்கே திரும்பி வந்தார். இதற்குள் காற்று மாறியிருந்தது. 1954இல் ஆஸ்திரேலிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1963இல் மேன்லியில் கண்ணை மூடினார். 1976இல் அவர் முகத்தோடு தபால் தலை வந்தது.

சிட்னியில் ஒலிம்பிக் நடந்த 2000ஆம் ஆண்டில் நாட்டின் மக்கள் தொகை சுமார் 1 கோடியே 90 லட்சம்.