டைபிரேக் தந்த ஜிம்மி வான் ஆலன்: நியூபோர்ட் புல்தரையோடு கலந்த வாழ்க்கை

டென்னிஸ் ஆட்டத்தில் ஒரு செட் 6-6 என்று சமநிலையை எட்டியதும் நடுவர் டைபிரேக்கை அறிவிக்கிறார். அடுத்த சில நிமிடங்களில் அந்த செட்டின் முடிவு தெரிந்துவிடுகிறது. இன்றைய ரசிகர்களுக்கு இது ஆட்டத்தோடு பிறந்த விதி போலத் தோன்றலாம். ஆனால் 1970ஆம் ஆண்டுவரை பெரிய போட்டிகளில் இப்படியொரு விதி இருந்ததில்லை. எவரேனும் இரண்டு கேம் முன்னிலை பெறும்வரை ஆட்டம் நீண்டுகொண்டே போகும். இருட்டிவிட்டால் மறுநாள் தொடரும்.

அந்த நிலையை மாற்றியவர் ஜேம்ஸ் ஹென்றி வான் ஆலன். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அட்லாண்டிக் கடலோரம் அமைந்த நியூபோர்ட் என்ற சிறு நகரைச் சேர்ந்தவர். நண்பர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் அவர் ஜிம்மி. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ் தனது டென்னிஸ் வாழ்வில் மூன்று பட்டங்களை வென்ற ஊரும் அதுவே.

கடலோரச் செல்வந்தர்களின் ஊர்

வான் ஆலன் 1902ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி நியூபோர்ட்டில் பிறந்தார். அக்காலத்தில் நியூயார்க்கின் பெருஞ்செல்வந்தர்கள் கோடைக்காலத்தைக் கழிக்கும் இடமாக அந்நகரம் விளங்கியது. கடலைப் பார்த்தபடி அவர்கள் எழுப்பிய மாளிகைகளை அவர்களே பணிவாகக் குடில்கள் என்று அழைத்துக்கொண்டனர். வான் ஆலனின் பாட்டி புகழ்பெற்ற ஆஸ்டர் குடும்பத்தில் பிறந்தவர். பணத்திற்காக உழைக்க வேண்டிய தேவை அந்தச் சிறுவனுக்கு என்றுமே ஏற்படவில்லை.

அவர் வளர்ந்த ஊரின் நடுவே நியூபோர்ட் கேசினோ இருந்தது. பெயரைக் கேட்டுச் சூதாட்டக் கூடம் என்று எண்ணிவிடக் கூடாது. அக்கால வழக்கில் கேசினோ என்பது மக்கள் கூடிப் பொழுதுபோக்கும் மன்றத்தைக் குறித்தது. நியூயார்க் ஹெரால்ட் நாளிதழின் உரிமையாளர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் 1880ஆம் ஆண்டு அதைக் கட்டினார். அவருடைய ஆங்கிலேய நண்பர் ஒருவர் குதிரையோடு ஊரின் பழைய ஆண்கள் மன்றத்துக்குள் புகுந்துவிட, அங்கு எழுந்த கண்டனத்தால் சினந்த பென்னட் தமக்கென்று தனி மன்றமே கட்டிக்கொண்டதாக ஒரு செவிவழிக் கதை உண்டு. கதை எப்படியானாலும் கட்டடம் அழகானது. மரச்சில்லுகள் வேய்ந்த சுவர்களும் குதிரை லாட வடிவில் வளைந்த தாழ்வாரமும் அதன் முன் விரிந்த பச்சைப் புல்தரையும் இன்றும் அப்படியே நிற்கின்றன.

அந்தப் புல்தரையில் 1881ஆம் ஆண்டு அமெரிக்காவின் முதல் தேசிய ஆடவர் சாம்பியன்ஷிப் நடைபெற்றது. இன்றைய அமெரிக்க ஓபனின் தொடக்கம் அதுதான். முதல் ஏழு ஆண்டுகளும் ரிச்சர்ட் சியர்ஸ் என்ற ஒரே வீரர் பட்டத்தை வைத்திருந்தார். பின்னர் ஆட்டம் வளர்ந்தது, பார்வையாளர்கள் பெருகினர். கோடை மாளிகைக்காரர்கள் ஆட்டத்தைக் காண்பதைவிடத் தங்களைக் காட்டிக்கொள்ளவே வருகின்றனர் என்ற முணுமுணுப்பும் வீரர்களிடையே எழுந்தது. 1915ஆம் ஆண்டு தேசிய சாம்பியன்ஷிப் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸுக்கு இடம்பெயர்ந்தது. அப்போது வான் ஆலனுக்கு வயது 12.

நியூபோர்ட்டுக்கு எஞ்சியது ஓர் அழைப்புப் போட்டி மட்டுமே. தேசியப் போட்டிக்கு முன் அமெச்சூர் வீரர்கள் புல்தரையில் கைபழகிக்கொள்ளும் களமாக அது 1967வரை ஆண்டுதோறும் நடந்தது.

பழைய ஆட்டத்தின் சாம்பியன்

இளைஞரான வான் ஆலன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் பயின்றார். அங்கு பல்கலைக்கழக அணிக்காக டென்னிஸ் ஆடினார். ஆனால் அவர் உண்மையில் உச்சம் தொட்டது இன்னொரு ஆட்டத்தில். நான்கு புறமும் சுவர் சூழ்ந்த கூடத்தில், சுவர்களிலும் சரிவுக் கூரைகளிலும் பந்தை மோதவிட்டு ஆடும் ரியல் டென்னிஸ் அது. ஐரோப்பிய அரசவைகளில் பல நூற்றாண்டுகள் ஆடப்பட்ட அந்த விளையாட்டில் அமெரிக்க ஒற்றையர் பட்டத்தை அவர் 1933, 1938, 1940 ஆகிய ஆண்டுகளில் வென்றார்.

புல்தரை டென்னிஸுக்கு 15, 30, 40 என்ற விசித்திரமான எண்ணிக்கை வந்து சேர்ந்தது அந்தப் பழைய ஆட்டத்திலிருந்துதான். பழைய ஆட்டத்தின் சாம்பியனே பிற்காலத்தில் அந்த எண்ணிக்கையைத் தூக்கியெறியப் போராடினார் என்பது சற்று வியப்பளிக்கவே செய்கிறது.

மன்றத்தைக் காத்தவர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூபோர்ட்டின் பொற்காலம் முடிந்துவிட்டது. மாளிகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பராமரிப்பின்றிச் சிதைந்த கேசினோவை இடித்துவிட்டு அந்த இடத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற பேச்சு எழுந்தது. 1952ஆம் ஆண்டு வான் ஆலன் அதன் தலைவரானார்.

வெறும் நினைவின் பேரில் ஒரு பழைய கட்டடத்தை நிறுத்தி வைக்க முடியாது என்பதை அவரும் அவருடைய மனைவி கேண்டசும் உணர்ந்திருந்தனர். கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேஸ்பால் விளையாட்டுக்குப் புகழ்மண்டபம் அமைந்திருந்தது அவர்களுக்கு முன்மாதிரியாகியது. 1954ஆம் ஆண்டு அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் ஒப்புதலுடன் கேசினோவில் டென்னிஸ் புகழ்மண்டபம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் தொகுதி வீரர்கள் அதில் இடம்பெற்றனர். அமெரிக்கர்களுக்கென்று தொடங்கிய அந்த மண்டபம் பின்னர் உலக வீரர்கள் அனைவருக்குமானதாக விரிந்தது. 1965ஆம் ஆண்டு வான் ஆலனின் பெயரும் அதில் சேர்ந்தது.

நான்கு மணி நேர எரிச்சல்

புகழ்மண்டபம் பிறந்த அதே 1954ஆம் ஆண்டுதான் அவருடைய இன்னொரு போராட்டத்துக்கும் வித்திட்டது. நியூபோர்ட் அழைப்புப் போட்டியில் ஹாமில்டன் ரிச்சர்ட்சனும் ஸ்ட்ரெய்ட் கிளார்க்கும் மோதிய ஆட்டம் 83 கேம்கள் நீண்டது. ரிச்சர்ட்சன் 6-3, 9-7, 12-14, 6-8, 10-8 என்று வெல்வதற்கு நான்கு மணி நேரம் பிடித்தது. ரசிகர்கள் காத்திருந்த இரட்டையர் ஆட்டத்தை, அமர்ந்து பார்க்க வசதியில்லாத பக்கத்து ஆடுகளத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. போட்டியை நடத்திய வான் ஆலன் கொதித்துப்போனார்.

எந்நேரம் முடியும் என்று எவராலும் சொல்ல முடியாத ஆட்டத்தைத் தொலைக்காட்சி எப்படி ஒளிபரப்பும், புதிய ரசிகர் எப்படிப் பொறுமையோடு பார்ப்பார் என்பதே அவருடைய கேள்வி. விடையாக அவர் ஒரு முழு எண்ணிக்கை முறையையே வகுத்தார். தம் பெயரிலேயே அதை வழங்கினார்; அடக்கம் அவருடைய இயல்பன்று. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் அதற்கு வாஸ் என்று பெயர். அதன்படி புள்ளிகள் 1, 2, 3 என்றே எண்ணப்படும். டியூஸ், அட்வான்டேஜ் இரண்டும் கிடையா. நான்கு புள்ளி எடுத்தவருக்கு கேம். டேபிள் டென்னிஸ் போல 21 அல்லது 31 புள்ளிகளோடு ஆட்டத்தை முடிக்கும் வகையும் அதில் உண்டு. சர்வின் வேகத்தை மட்டுப்படுத்த, வீரர்கள் எல்லைக்கோட்டுக்கு மூன்று அடி பின்னால் நின்று சர்வ் செய்ய வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

டென்னிஸ் நிர்வாகிகள் சிரித்தனர். வைக்கோல் தொப்பியும் கோட்டும் அணிந்து, வாய்ப்புக் கிடைத்த இடமெல்லாம் இதையே பேசிக்கொண்டிருந்த அந்தச் செல்வந்தரைப் பலர் ஒரு கிறுக்கராகவே கருதினர். கிறிஸ்துமஸ் காலத்தில் நகரவாசிகளுக்குக் கவிதை வாசித்துக்காட்டும் வழக்கமும் அவருக்கு இருந்ததால் அந்தக் கருத்து வலுப்பட்டிருக்கலாம்.

சங்கங்கள் செவிசாய்க்காததால் அவர் தம் பணத்தையே செலவிட முன்வந்தார். 1965ஆம் ஆண்டு ராட் லேவர், கென் ரோஸ்வால் உள்ளிட்ட தொழில்முறை வீரர்களை நியூபோர்ட்டுக்கு அழைத்து, 10,000 டாலர் பரிசுத்தொகையில் வாஸ் முறைப்படி போட்டி நடத்தினார். வென்ற ஒவ்வொரு புள்ளிக்கும் வீரர்களுக்குப் பணம் கிடைத்தது. தொழில்முறை வீரர்கள் விம்பிள்டனிலேயே அனுமதிக்கப்படாத காலம் அது.

எதிர்ப்பாளர்களை விட ஆட்டங்களே அவருக்காகச் சிறப்பாக வாதாடின. 1967ஆம் ஆண்டு நியூபோர்ட்டிலேயே ஓர் இரட்டையர் ஆட்டம் 3-6, 49-47, 22-20 என்று 147 கேம்கள் சென்றது. 1969ஆம் ஆண்டு விம்பிள்டனில் 41 வயது பாஞ்சோ கொன்சாலஸ், சார்லி பசரெல்லை 22-24, 1-6, 16-14, 6-3, 11-9 என்று வெல்ல இரண்டு நாட்கள் தேவைப்பட்டன. அந்த ஆட்டத்தை இன்றும் காவியமாகப் போற்றுகின்றனர். ஆயினும் அடுத்த ஆட்டத்துக்கான வீரர்கள் அன்று உடைமாற்றும் அறையில் எவ்வளவு நேரம் காத்திருந்தனர் என்பதை எவரும் பாடுவதில்லை.

வென்றதும் தோற்றதும்

1970ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் டைபிரேக்கை ஏற்றுக்கொண்டது. செட் 6-6 ஆனதும் ஒன்பது புள்ளிகளுக்குள் முடிவு. முதலில் ஐந்து எடுப்பவருக்கு செட். 4-4 என்றால் அடுத்த ஒரே புள்ளி இருவருக்குமே வெற்றியின் அல்லது தோல்வியின் விளிம்பு. திடீர் மரணம் என்று பெயர் பெற்ற அந்த டைபிரேக் நடக்கும் ஆடுகளங்களில் சிவப்புக் கொடி ஏற்றப்பட்டது. கொடியைக் கண்டதும் ரசிகர்கள் அந்த ஆடுகளத்தை நோக்கி ஓடினர். 67 வயதில் வான் ஆலனின் பிடிவாதம் பலித்தது.

மகிழ்ச்சி முழுமையாக நிலைக்கவில்லை. ஒரே புள்ளியில் எல்லாம் முடிவது அதிர்ஷ்டத்தின் கையில் ஆட்டத்தை ஒப்படைப்பதாகும் என்று வீரர்கள் முறையிட்டனர். 1971ஆம் ஆண்டு விம்பிள்டன் ஏற்றது வேறொரு வடிவம்: ஏழு புள்ளிகளோடு இரண்டு புள்ளி முன்னிலையும் வேண்டும். அதுவும் முதலில் 8-8 என்ற நிலைக்குப் பிறகே. 1975ஆம் ஆண்டு அமெரிக்க ஓபனும் அந்த வடிவத்துக்கு மாறியது. இரண்டு புள்ளி முன்னிலை என்ற நிபந்தனை மீண்டும் முடிவற்ற ஆட்டத்துக்கே கதவு திறக்கிறது என்று வான் ஆலன் கருதினார். இழுத்துக்கொண்டே போகும் சாவு என்று அதைக் கடைசிவரை இகழ்ந்தார். உலகம் இன்று அவர் பெயரால் நினைவுகூர்வது அவர் வெறுத்த அந்த வடிவத்தைத்தான்.

சென்னை வீரரின் மூன்று பட்டங்கள்

அழைப்புப் போட்டி நின்றபின் சில ஆண்டுகள் மகளிர் போட்டிகளைக் கண்ட நியூபோர்ட் புல்தரைக்கு, 1976ஆம் ஆண்டு ஆடவர் தொழில்முறைப் போட்டி வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்க ஓபன் புல்தரையைக் கைவிட்டு மண்தரைக்கு மாறியிருந்தது. பழைய பச்சையைக் காத்துவந்த வான் ஆலனின் ஊரில் முதல் பட்டத்தை வென்றவர் 22 வயது விஜய் அமிர்தராஜ். இறுதிச் சுற்றில் பிரையன் டீச்சரை அவர் வீழ்த்தினார். 1980, 1984 ஆகிய ஆண்டுகளிலும் அவரே சாம்பியன். பந்து தாழ்வாகச் சறுக்கும் தரை, மென்மையான கையசைவு, வலையை நோக்கிய பாய்ச்சல் என அந்த ஆடுகளம் அவருடைய ஆட்டத்துக்கென்றே விரித்ததுபோல் இருந்தது.

1998ஆம் ஆண்டு லியாண்டர் பயஸ் தமது ஒரே ஏடிபி ஒற்றையர் பட்டத்தை இங்குதான் வென்றார். விஜயின் மகன் பிரகாஷ் 2008ஆம் ஆண்டும், சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2018ஆம் ஆண்டும் இறுதிச் சுற்றுவரை வந்து தோற்றனர். 2024ஆம் ஆண்டு விஜயும் பயஸும் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டனர். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் ஆசிய ஆடவர்கள் அவர்களே.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். விம்பிள்டன் முடிந்த மறுவாரமே நடந்ததால் முன்னணி வீரர்கள் பலர் இங்கு வருவதில்லை. வந்தாலும் முதல் நிலை வீரர் பட்டம் வெல்வதில்லை என்ற ராசி 2011ஆம் ஆண்டு ஜான் இஸ்னர் வெல்லும்வரை நீடித்தது.

இறுதி நாட்கள்

1991ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி நியூபோர்ட்டில் தமது இல்லத்தின் திறந்த மேடையிலிருந்து தவறி விழுந்து வான் ஆலன் காலமானார். வயது 88. விம்பிள்டன் நடந்துகொண்டிருந்த வாரம் அது. இரண்டு நாட்களுக்குப் பின் அரையிறுதியில் நடப்புச் சாம்பியன் ஸ்டீபன் எட்பர்க், மைக்கேல் ஸ்டிச்சை எதிர்கொண்டார். முதல் செட்டை எட்பர்க் 6-4 என்று வென்றார். அடுத்த மூன்று செட்களும் 7-6 என்று ஸ்டிச்சுக்குச் சென்றன. நான்கு செட்களிலும் தமது சர்வை ஒருமுறைகூட இழக்காமலேயே எட்பர்க் தோற்றார். வான் ஆலன் பிறந்திராவிட்டால் தாங்கள் இருவரும் இன்னும் ஆடிக்கொண்டிருப்போம் என்ற பொருள்பட அவர் அன்று குறிப்பிட்டார்.

கடைசி செட்டுக்கு மட்டும் டைபிரேக் கூடாது என்ற பழைய பிடிவாதம் விம்பிள்டனில் நெடுங்காலம் தொடர்ந்தது. அதன் விளைவாக 2010ஆம் ஆண்டு இஸ்னரும் நிக்கோலஸ் மஹூவும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஆடினர். கடைசி செட் 70-68. பின்னர் நியூபோர்ட்டில் இஸ்னர் நான்கு முறையும் மஹூ ஒரு முறையும் பட்டம் வென்றனர். 2022ஆம் ஆண்டுதான் நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளும் கடைசி செட்டுக்குப் பத்துப் புள்ளி டைபிரேக்கை ஒரே விதியாக ஏற்றன. டியூஸ் இல்லாத கேம் என்ற வான் ஆலனின் மற்றொரு யோசனை 2006 முதல் ஏடிபி இரட்டையர் ஆட்டங்களில் நடைமுறையில் உள்ளது.

நியூபோர்ட் போட்டி 2025ஆம் ஆண்டு ஏடிபி முதன்மைச் சுற்றிலிருந்து இறங்கி, அடுத்த நிலையான சேலஞ்சர் போட்டியாக மாறியது. மகளிர் பிரிவும் உடன் சேர்க்கப்பட்டது. போட்டி இல்லாத கோடை நாட்களில் அந்தப் புல்தரை பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கட்டணம் செலுத்தினால் எவரும் மட்டையோடு இறங்கி ஆடலாம்.