மொழி கடந்து நம்பிக்கை பெற்ற தலைவர்: காயிதே மில்லத் வாழ்வில் நமக்கான பாடங்கள்

அனகாபுத்தூரிலிருந்து புறப்பட்டு பம்மல், பல்லாவரம் தாண்டினால் குரோம்பேட்டை வந்துவிடும். குரோம் லெதர் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது. அரசியல் நிர்ணய சபையிலும் பிறகு நாடாளுமன்றத்திலும் இந்திய முஸ்லிம்களின் குரலாக ஒலித்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் வாழ்ந்தது அந்தக் குரோம்பேட்டையில்தான். ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்கு அவரை அண்ணா சாலையில் உள்ள அரசு மகளிர் கல்லூரியின் பெயராகவோ, மேடவாக்கத்தில் உள்ள கல்லூரியின் பெயராகவோ மட்டும்தான் தெரியும்.

இன்று அலுவலகப் பயிற்சிகளில் 'பண்பாட்டு நுண்ணறிவு' என்று ஒன்றைச் சொல்லித் தருகிறார்கள். நம்மைப் போல் இல்லாத மனிதர்களின் மொழியையும் பழக்கத்தையும் மனதையும் புரிந்துகொண்டு, அவர்களோடு இணைந்து செயல்படும் திறமைதான் அது. அந்தச் சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே அதை வாழ்ந்து காட்டியவர் காயிதே மில்லத். நெல்லைத் தமிழரான அவரை மலையாளம் பேசும் மக்கள் எப்படித் தங்கள் பிரதிநிதியாக ஏற்றார்கள்? மூதறிஞர் ராஜாஜியும் அறிஞர் அண்ணாவும் எப்படி அவரோடு ஒரே அணியில் நின்றார்கள்? இந்தக் கேள்விகளோடு அவருடைய வாழ்வைப் பார்ப்போம்.

பேட்டையில் பிறந்த பிள்ளை

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில், மார்க்கக் கல்வியும் வணிகமும் சேர்ந்த ராவுத்தர் குடும்பத்தில் இஸ்மாயில் சாஹிப் பிறந்தார். வீட்டில் மார்க்கக் கல்வி கிடைத்தது. உயர்கல்விக்காகத் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். இன்று தாம்பரத்தில் இருக்கும் அந்தக் கிறிஸ்தவக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இயங்கி வந்தது. தொழுகையையும் தன் அடையாளத்தையும் விடாமல், வேறு மார்க்கத்தாரின் வகுப்பறைகளில் அமர்ந்து கற்ற இளைஞர் அவர். 1920-ல் காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைப்பு விடுத்தபோது பட்டப்படிப்பையே பாதியில் விட்டு வெளியே வந்தார்.

பிறகு அவர் இறங்கியது தோல் வணிகத்தில். அன்றைய சென்னை மாகாணத் தோல் வணிகம் பலதரப்பட்ட மனிதர்களை ஒன்றாக இணைத்த தொழில். கிராமத்துச் சந்தையிலிருந்து தோல் வரும். அதைப் பதனிடும் கடும் உழைப்பு பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களுடையது. வணிகர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். சரக்கோ கப்பலேறிச் சீமைக்குப் போகும். இத்தனை பேரோடும் பேசிப் பழகாமல் அந்தத் தொழிலில் ஒருவர் நிலைக்க முடியாது. அரசியல் மேடையில் பிற்காலத்தில் நாம் காணும் நிதானத்துக்கு இந்த வணிக அனுபவமும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

கலைப்பதா, தொடர்வதா?

1946 தேர்தலில் சென்னை மாகாண சட்டமன்றத்தில் முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பெற்றது. இஸ்மாயில் சாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்பு என்று முடிவு செய்து, இந்தியப் பகுதிக்கான பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது.

அந்தப் பொறுப்பின் கனத்தை இன்று நாம் உணர்வது கடினம். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். லீக் என்ற பெயரே சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது. வடக்கே அந்த அமைப்பு பெரும்பாலும் கலைந்து போயிருந்தது. கலைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று சமுதாயத்துக்குள்ளேயே பலர் எண்ணினார்கள். காந்தியடிகள் மறைந்து நாற்பது நாட்கள் கழித்து, மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் இடத்தில் நிர்வாகிகள் கூடினார்கள். தொடர்வது என்ற முடிவு அங்கே எடுக்கப்பட்டது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது, அவர் தலைவரானார்.

பழைய லீக்கின் கோஷங்களை அவர் அப்படியே தொடரவில்லை. நாடு மாறிவிட்டது, இனி இந்திய அரசியல் சட்டத்துக்குள் நின்று, இந்தியக் குடிமக்களாக உரிமை கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாக உணர்ந்திருந்தார். அதற்காக ஒளிந்துகொள்ளவும் இல்லை. காலத்தைப் புரிந்துகொள்வது ஒன்று, காலத்துக்குப் பயப்படுவது வேறு. இந்த வேறுபாட்டை அறிந்ததுதான் அவருடைய தலைமையின் முதல் பாடம்.

எல்லோருக்கும் என்று கேட்டவர்

1948 நவம்பர் 23 அன்று அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. காயிதே மில்லத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அந்தத் திருத்தத்தின் வாசகத்தில் முஸ்லிம் என்ற சொல்லே கிடையாது. எந்த ஒரு பிரிவினரும், எந்த ஒரு சமூகத்தாரும் தங்களுக்கென உள்ள தனிச் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பதே அதன் பொருள். செர்பியர், குரோவாசியர், ஸ்லோவேனியர் சேர்ந்து அமைத்த ஐரோப்பிய நாட்டில் முஸ்லிம்களின் தனிச் சட்டத்துக்குப் பாதுகாப்பு தரப்பட்டதையும் அவர் சுட்டிக் காட்டினார்.

திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆனாலும் அவர் கேட்ட முறையைக் கவனியுங்கள். தன் வீட்டுக்குத் தேவையானதை ஊர் முழுவதற்குமான நியாயமாக முன்வைத்தார். எதிரில் இருப்பவரும் தனக்கும் இதில் பங்குண்டு என்று யோசிக்க இடம் வைத்தார். பள்ளிக்கூடத்திலோ நகராட்சியிலோ நாம் ஒரு கோரிக்கை வைக்கும்போது, இந்த முறை எத்தனை கதவுகளைத் திறக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோதும் அதே தெளிவு இருந்தது. காந்தியடிகள் விரும்பியபடி, தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானியை அவர் ஆதரித்தார். அதே உரையில், தொன்மைதான் அளவுகோல் என்றால் இந்த மண்ணின் ஆதி மொழிகள் திராவிட மொழிகள்தான், அவற்றில் தமிழே முதன்மையானது என்பதையும் சபைக்கு எடுத்துச் சொன்னார். உருது பேசும் சகோதரரின் மனமும் அவருக்குத் தெரியும், தன் தாய்மொழியின் பெருமையும் தெரியும். ஒன்றுக்காக மற்றொன்றைத் தாழ்த்த வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

மஞ்சேரி தந்த நம்பிக்கை

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் இருந்தார். பிறகு 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரி தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. மாப்பிள்ளைமார் வாழும் மலபாருக்கு மொழி வேறு, வரலாறு வேறு, உணவும் உடையும்கூட வேறு. அங்கே பாஃபகி தங்ஙள், சீதி சாஹிப், சி.எச். முஹம்மது கோயா போன்ற பெருந்தலைவர்கள் இருந்தார்கள். அகில இந்தியத் தலைவர் என்ற பதவியால் அவர்களை ஓரங்கட்டாமல், அந்த மண்ணை அறிந்தவர்களிடமே அந்த மண்ணின் அரசியல் இருந்தது. 1967-ல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் லீக் இடம்பெற்றபோது கோயா சாஹிப் கல்வி அமைச்சரானார். தனக்குத் தெரியாத மண்ணில் தெரிந்தவரை முன்னிறுத்துவது பெரிய மனதின் அடையாளம்.

அதே 1967-ல் தமிழகத்தில் அண்ணாவின் தி.மு.க., ராஜாஜியின் சுதந்திரா கட்சி ஆகியவற்றோடு முஸ்லிம் லீக்கும் கூட்டணியில் நின்றது. பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்தவர் ஒருவர், ஆழ்ந்த வைதிக மரபினர் ஒருவர், ஐவேளைத் தொழுகையாளி ஒருவர். கொள்கையில் மூவரும் ஒன்றல்ல. யாரும் தன் நம்பிக்கையை மறைக்கவும் இல்லை. எதில் ஒன்றுபட முடியுமோ அதில் ஒன்றுபட்டார்கள், மற்றதில் ஒருவரையொருவர் மதித்தார்கள்.

வெல்லாத வாதங்களும் உண்டு

அவர் எடுத்த எல்லா வாதங்களும் வெல்லவில்லை. தனித் தொகுதி முறை தொடர வேண்டும் என்று 1949-ல் அவர் வாதாடினார். சபை அதை நிராகரித்தது. பிரிவினையின் காயம் ஆறாத நேரத்தில் அந்தக் கோரிக்கை பிற சமூகத்தாரின் அச்சத்தையே கிளறியது என்று சொல்பவர்கள் உண்டு. சிறுபான்மையின் குரல் கரைந்துவிடக் கூடாது என்ற அவருடைய கவலை நியாயமானது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியாயினும், தோற்ற பிறகு அவர் சபையை விட்டு ஒதுங்கவில்லை. பொதுத் தொகுதி முறையை ஏற்று, அதில் நின்று, மூன்று முறை வென்றும் காட்டினார். விதி தனக்குச் சாதகமாக இல்லாதபோதும் களத்தில் நிற்பவரைத்தான் பிறர் நம்புவார்கள்.

1972 ஏப்ரலில் அவர் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நம் தெருவில் இந்தப் பாடம்

அனகாபுத்தூருக்கு இந்தப் பாடம் புதியதல்ல. நம் ஊர் நெசவாளர்கள் ஒரு காலத்தில் நெய்த கட்டம் போட்ட 'மெட்ராஸ் கைக்குட்டை' துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக நைஜீரியாவுக்குப் போயின. கடல் தாண்டி வாழும் மக்களுக்கு எந்த நிறமும் எந்தக் கட்டமும் பிடிக்கும் என்பதை அறிந்து இங்கே தறி ஓட்டினார்கள். தறி நம்முடையது, ரசனை அவர்களுடையது. பண்பாட்டு நுண்ணறிவை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது சென்னையின் பல பள்ளிவாசல்கள் எல்லா மக்களுக்கும் கதவு திறந்தன. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பக்கத்து வீட்டாரோடு அறிமுகம் ஆவதற்கு வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? மக்கள் பல குலத்தாராக இருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்பது நம் மார்க்கம் தரும் பாடம். ஜும்ஆ நேரத்தில் வண்டி நிறுத்துவதில் எதிர்வீட்டாருக்குச் சிரமம் உண்டா என்று ஜமாஅத் முன்கூட்டியே போய்க் கேட்கலாம். தமிழ் பேசும் குடும்பமும் உருது பேசும் குடும்பமும் ஒரே மஹல்லாவில் இருந்தால் அறிவிப்பு இரு மொழியிலும் ஒலிக்கலாம். வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து நம் ஸஃப்பில் நிற்கும் இளைஞரின் பெயரையாவது நாம் தெரிந்து வைத்திருக்கலாம்.

பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் வாலாஜா பள்ளிவாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அடங்கியிருப்பவர் யார், மொழி தெரியாத ஊர் அவரை ஏன் மூன்று முறை தேர்ந்தெடுத்தது என்று சொல்லிக் கொடுங்கள். அந்தப் பெருமகனாருக்கு அல்லாஹ் மறுமையில் உயர்ந்த அந்தஸ்தை வழங்குவானாக, ஆமீன்.