கணிதமேதை இராமானுஜன்: ஒரு பள்ளி மாணவனின் தனி ஆய்வு

படிவம் ஒன்றில் பயிலும் மாணவருக்கு வயது 13. படிவம் மூன்றில் 15. மெர்சிங்கில் இவ்வயது மாணவரைச் சொந்தமாக ஓர் ஆய்வு செய்து வரச் சொன்னால், ஆற்றோரத்து மீன்பிடிப் படகுகளைப் பற்றி எழுதலாம். பருவமழைக் காலத்தில் தியோமான் தீவுக்குப் படகு போகாத நாட்களைக் கணக்கெடுக்கலாம். பி.எம்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் வரலாற்றுக்கும் புவியியலுக்கும் இத்தகைய ஆய்வேடுகள் கேட்கப்பட்டன. புள்ளியிட்ட பிறகு அவற்றை யார் திறந்து பார்த்தார்கள்? இக்கேள்வியோடு நம்மவர் ஒருவரின் வாழ்க்கையை நோக்குவோம்.

சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடைக் கணக்கர். வருமானம் போதாமல் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்க வைத்திருந்தனர். அவர்கள் வழி லோனியின் திரிகோணமிதி நூல் சிறுவனின் கைக்கு வந்தது. 13 வயதிற்குள் அதைக் கற்றுத் தேர்ந்தார். யாரும் கேட்காமலே சில புதிய முடிவுகளையும் கண்டார். அவற்றை ஆய்லர் என்ற அறிஞர் முன்பே கண்டுவிட்டார் எனத் தெரிந்ததும், வெட்கப்பட்டுத் தாள்களைக் கூரையில் செருகி மறைத்தாராம். அந்த வயதில் தனியாக அவ்வளவு தூரம் சென்றதே பெருமை அல்லவா!

15 வயதில், கார் என்பவர் தொகுத்த கணித நூல் கிடைத்தது. அதில் ஏறத்தாழ 5,000 தேற்றங்கள் இருந்தன. நிறுவல்களோ மிகச் சுருக்கம். ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்க முனைந்தார். தாள் வாங்கக் காசில்லை. சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். வந்த வழி சிலேட்டோடு அழிந்தது.

1904இல் பள்ளி அவருக்குக் கணிதப் பரிசு வழங்கியது. கல்லூரியிலோ மற்றப் பாடங்களில் தோற்று உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். 1913இல் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் இராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் தமது 32ஆம் வயதில் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற நோட்டுகளில் 3,000க்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன. அவற்றுக்கு நிறுவல் தேடி, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளை வெளியிட்டார். சிலேட்டில் அழிந்ததை மீட்க இத்தனை உழைப்பு!

நம்மில் பலர் நாளை ஆசிரியராகச் செல்லவிருக்கிறோம். படிவம் ஒன்று மாணவர் ஓர் ஆய்வேட்டை நீட்டும்போது, அட்டையின் அழகையோ பக்கங்களின் எண்ணிக்கையையோ பார்த்துப் புள்ளியிட்டு அனுப்பிவிடலாகாது. இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று முதலில் கேட்போம். அந்த வழியையும் சேர்த்து எழுதச் சொல்வோம். ஏற்கெனவே பிறர் கண்டதையே அவர் கண்டிருந்தாலும், அத்தாளைக் கூரையில் ஒளிக்க விடாமல் காப்பது நம் கடமையாகும்.