சாராயப் புட்டியும் பன்றிச் சவ்வும்: சவ்வூடுபரவலை முதலில் கண்ட நோலே யார்?

1748, பிரான்ஸ். ஒரு கண்ணாடிப் புட்டியில் சாராயத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார் ஜான் அந்துவான் நோலே. சாராயத்தில் காற்று படக் கூடாது, அவ்வளவுதான். திரவங்கள் கொதிப்பதில் காற்றுக்கு என்ன பங்கு என்பதைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஐந்தாறு மணி நேரம் கழித்துப் பார்த்தால், சவ்வு பலூன் மாதிரி உப்பியிருந்தது. ஊசியால் குத்தியதும் திரவம் பீய்ச்சியடித்தது. வெளியே இருந்த தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது!

சந்தேகம் தீர, மாற்றிச் செய்தார். உள்ளே தண்ணீர், வெளியே சாராயம். இப்போது சவ்வு உள்வாங்கியது. அதாவது, சவ்வு தண்ணீரைச் சுலபமாக விடுகிறது. சாராயத்தை அந்த அளவுக்கு விடுவதில்லை.

யார் இவர்?

1700-ல் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சமயக் கல்வி படித்தார். ஆனா மனசு முழுக்க இயற்பியலில். 1746-ல் மன்னர் 15-ம் லூயி முன்னிலையில் 180 காவலர்களைக் கைகோத்து நிற்கவைத்து மின்சாரம் பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். 1753-ல் பாரிஸில் சோதனை இயற்பியல் பேராசிரியரானார்.

எங்கே சறுக்கினார்?

மின்சாரம் இரண்டு ஓட்டங்களாகப் பாய்கிறது என்பது நோலேயின் கொள்கை. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் அதை மறுத்தார். உலகம் பிராங்க்ளின் பக்கம் சாய்ந்தது. நோலே கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1770-ல் இறந்தார்.

புகழ் தந்த மின்சாரத்தில் தோற்றவர், தற்செயலாகப் பார்த்த சவ்வில் நிலைத்துவிட்டார். அதை 1820-களில் விரிவாக ஆராய்ந்து பெயர் வைத்தவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், துத்ரோஷே.

இன்று என்ன பயன்?

சாதாரணமாகக் காய்ச்சி வடித்தால் எத்தனால் சுமார் 95.6 சதவீதத்தைத் தாண்டாது. மிச்சத் தண்ணீர் அதோடு சேர்ந்தே ஆவியாகும். பெட்ரோலில் கலக்க இது போதாது. இங்கேதான் நானோ சவ்வுகள் வருகின்றன. சியோலைட் சவ்வின் துளை சுமார் 0.4 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறு அதைவிடச் சின்னது, நுழைந்துவிடும். எத்தனால் மூலக்கூறு கொஞ்சம் பெரியது, பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும்.

பன்றிச் சவ்வு போய் சியோலைட் வந்துவிட்டது. தண்ணீருக்கு வழி, சாராயத்துக்குத் தடை என்பது மட்டும் மாறவில்லை.