மூளையின் நாடிகளைக் காட்டியவர்

1952ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், காலிமுகத் திடலிலே குதிரைச் சவாரி செய்துகொண்டிருந்த இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா பாரிசவாதங் கண்டு கீழே வீழ்ந்தார், மறுநாள் மறைந்தார். அரசனென்றும் ஆண்டியென்றும் பாராத நோய் இது. வாய் கோணுதல், ஒருபக்கக் கைகால் சோர்தல், நாக்குழறுதல் ஆகிய குறிகளைக் கொண்டு, மூளையின் எப்பாகம் பழுதுற்றதென வைத்தியர் அறிவர். ஆனால் நாடி அடைபட்டதா, வெடித்ததா என்பதை அக்குறிகள் மட்டும் திட்டமாகச் சொல்லமாட்டா. உயிருள்ள மனிதரின் மூளை நாடிகளைப் படத்திலே காட்டி, இவ்விருளை நீக்க வழிவகுத்தவர் போர்த்துக்கல் நாட்டு எகாஸ் மொனிஸ் ஆவார்.

அவர் 1874ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி அவன்கா என்னும் ஊரிற் பிறந்தார். கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்று, 1911இல் லிஸ்பனில் நரம்பியற் பேராசிரியரானார். அரசியலிலும் ஈடுபட்டு, 1918இல் வெளிநாட்டமைச்சராகிப் பாரிஸ் சமாதான மாநாட்டிற்குஞ் சென்றார். பின் அரசியலைத் துறந்து ஆராய்ச்சியிற் புகுந்தபோது அவருக்கு வயது ஐம்பதை அடுத்திருந்தது. மூட்டுநோயினாற் கைகள் உதவாமற் போகவே, அல்மெய்தா லிமா என்னும் இளம் வைத்தியர் அவருக்குக் கைகளாய் அமைந்தார்.

எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டும், நாடிகளைக் காட்டாது. ஆதலால் கதிரை மறிக்கும் மருந்தொன்றைக் கழுத்து நாடியிற் செலுத்திப் படமெடுக்கத் துணிந்தார். முதலிற் கையாண்ட மருந்தினால் நோயாளி ஒருவர் உயிரிழந்தார். மொனிஸ் அம்மருந்தைக் கைவிட்டுச் சோடியம் அயடைட்டுக் கரைசலுக்கு மாறினார். 1927ஆம் ஆண்டு யூன் 28ஆந் திகதி மூளையின் நாடிகள் படத்தில் தெளிவாய்த் தோன்றின. மூளைக்கட்டிகளைத் தேடப் பிறந்த இம்முறை கொண்டே, கழுத்து நாடியின் அடைப்புப் பாரிசவாதத்தை விளைப்பதை அவர் குழுவினர் 1937இற் காட்டினர்.

எனினும் 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காக அன்று. மனநோய்க்காக மூளையின் முன்பாகத்தை வெட்டும் சிகிச்சைக்காகவே கிடைத்தது. அச்சிகிச்சை பலரின் வாழ்வைப் பாழாக்கிப் பின்னர் கைவிடப்பட்டது. பரிசு பெற்ற பணி பழிக்கப்பட, பரிசு பெறாத பணி நிலைத்தது. 1955ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆந் திகதி அவர் காலமானார்.

1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த சி.ரி. ஸ்கான் இங்கிலாந்தில் முதன்முதல் ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. மூளையுட் குருதி கசிந்துள்ளதா என்பதை இன்று அது சில நிமிடங்களிற் காட்டிவிடுகிறது. அடைப்பாயின், நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துள் தகுந்தவர்களுக்கு அதைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம். குருதி கசிந்தவர்க்கோ அம்மருந்தே எமனாகும். படம் பார்க்காமல் அதனைத் தொடுதல் கூடாது என்பது இதனாலேயே.

வாலிப அன்பர்களே! வீட்டில் ஒருவருக்கு வாய் கோணினால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மணியைக் குறித்துக்கொண்டு, உடனே 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். எந்தச் சிறந்த படமும் நேரம் தவறி வருபவர்க்கு முழுப்பயன் தராது.