செண்டாய் நகரில் ஒரு சீன மாணவர்

நவீன சீன இலக்கியத்தின் தந்தையெனப் போற்றப்படும் லூ சுன், எழுத்தாளராகும் எண்ணத்துடன் கடல் கடந்தவரல்லர். மருத்துவராகித் தம் நாட்டாரின் பிணி தீர்க்க வேண்டும் என்பதே அவரது இளமைக் கனவு. அக்கனவுக்குக் காரணமும் இருந்தது. 1881ஆம் ஆண்டு சாவோசிங் நகரிற் பிறந்த அவர், தந்தையார் நோயுற்றிருந்த காலத்தில் அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்குமாக அலைந்த சிறுவர். நாட்டு வைத்தியர்கள் விதித்த மருந்துகளோ விசித்திரமானவை. மூன்றாண்டு பனியில் நனைந்த கரும்பையும், பிரியாத இணையான சில்வண்டுகளையும் அவர் தேடித் திரிந்தார். 1896இல் தந்தையார் மறைந்தார். மேனாட்டு மருத்துவமே யப்பானின் புதுவாழ்வுக்கு வித்திட்டது எனப் பின்னர் நூல்களிற் படித்தபோது, அவர் உள்ளம் அந்நாட்டை நாடியது.

1902இல் அரசாங்க உதவிப்பணம் பெற்று டோக்கியோ சேர்ந்தார். அங்கே சீன மாணவர் கூட்டங் கூட்டமாக இருந்தனர். மஞ்சு அரசு விதித்த நீண்ட சடையைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு செரிப் பூக்காட்சிக்குச் செல்வோரும், மாலையில் நடனம் பழகுவோரும் அவருள் அடங்குவர். சடையைக் கத்தரித்துவிட்ட லூ சுன்னுக்கு இக்கூட்டம் கசந்தது. தம் நாட்டவர் எவருமில்லாத ஊரை நாடி, 1904இல் வடகிழக்கிலுள்ள செண்டாய் மருத்துவக் கலாசாலையிற் சேர்ந்தார். அந்நிய நாட்டிற்குப் போயும் சொந்த ஊரையே சுமந்து திரிவோர் எக்காலத்திலும் உளர். அவர்களை விட்டு விலகத் துணிவோர் சிலரே.

அக்கலாசாலையில் அவர் ஒரே சீன மாணவர். ஆதலின் ஒருவகை மரியாதையும் கிடைத்தது. கல்விக் கட்டணம் வாங்கவில்லை. முதலில் தங்கிய விடுதி சிறைச்சாலைக்கு அண்மையிலிருந்தது. நுளம்புக்கு அஞ்சி உடல் முழுதும் போர்த்து, மூக்கை மட்டும் வெளியே விட்டு உறங்கினார். கைதிகளுக்கும் அவ்விடுதியே உணவு சமைத்ததால், அங்கே தங்குவது தகாதென்று ஆசிரியர் ஒருவர் வற்புறுத்தி வேறிடம் மாற்றினார். புதிய இடத்தில் நாள்தோறும் சேம்புத்தண்டுச் சாறு! அன்பு மிகுந்தோர் செய்யும் உபகாரம் சிலவேளை நாவுக்கு இதமாக இராது போலும்.

அங்கேதான் உடற்கூற்றியல் ஆசிரியர் புஜினோ கென்குரோவைச் சந்தித்தார். உடையிற் கருத்தற்றவர், கழுத்துப்பட்டி அணிய மறந்து வருபவர். பழைய மேலங்கியுடன் புகைவண்டியிற் சென்றபோது சேவகர் அவரை முடிச்சுமாறியென ஐயுற்றதாக மாணவர் சிரிப்பர். இம்மனிதர் சீன மாணவரின் பாடக்குறிப்புகளை வாரந்தோறும் வாங்கி, பிழையான யப்பானிய மொழியையும் விடுபட்ட செய்திகளையும் சிவப்பு மையினால் திருத்திக் கொடுத்தார். ஒருமுறை கையின் இரத்தக் குழாயொன்றை மாணவர் அழகுக்காகச் சற்றே இடம் மாற்றி வரைந்திருந்தார். உள்ளதை உள்ளபடியே வரைய வேண்டும் என்று ஆசிரியர் கனிவுடன் எடுத்துரைத்தார்.

இவ்வன்பே பழியாகவும் திரும்பிற்று. முதலாண்டுப் பரீட்சையில் 142 பேருள் லூ சுன் 68ஆம் இடம் பெற்றார். அவ்வளவுதான்! ஆசிரியர் குறிப்பேட்டில் வினாக்களை முன்கூட்டியே குறித்துக் கொடுத்தார் என்று சக மாணவர் சிலர் ஐயுற்று, பெயரில்லாக் கடிதமும் எழுதினர். வேடிக்கை என்னவெனில், புஜினோவின் பாடமான உடற்கூற்றியலில் அவர் பெற்றது 59.3 புள்ளிகளே, சித்தியெய்தாத ஒரே பாடம் அது. பலவீனமான நாட்டிலிருந்து வந்தவன் சொந்த முயற்சியால் நடுத்தர இடத்தைக்கூட எட்ட முடியாதென்ற எண்ணமே அவரைச் சுட்டது.

அப்போது ருஷ்ய-யப்பானிய யுத்தம் முடிந்த காலம். கிருமியியல் வகுப்பு முடிந்தபின் ஒளிப்படத் தகடுகளாக யுத்தக் காட்சிகள் காட்டப்படுவதுண்டு. ருஷ்யருக்கு வேவு பார்த்தானென ஒரு சீனனை யப்பானியர் கொல்லுங் காட்சியையும், அதைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்கும் திடகாத்திரமான சீனரையும் கண்டதாக லூ சுன் பின்னர் எழுதினார். அக்கலாசாலையிற் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்ட தகடுகளுள் அக்காட்சி இல்லை. தகடு எதுவாயினும், உள்ளம் உணர்விழந்திருக்க உடலை மட்டும் குணப்படுத்திப் பயனில்லை என அவர் முடிவு செய்தது மெய். 1906இல் மருத்துவக் கல்வியைத் துறந்தார்.

விடைபெறச் சென்றபோது ஆசிரியரின் முகவாட்டத்தைக் கண்டு, தாம் உயிரியல் படிக்கப் போவதாகவும் அவர் கற்பித்தது அதற்கு உதவுமென்றும் ஒரு பொய் சொன்னார். புஜினோ தம் படத்தின் பின்புறம், பிரிவுக்கு வருந்தும் சொற்களை எழுதிக் கொடுத்தார். கடிதம் எழுதும்படியும் கேட்டுக்கொண்டார். லூ சுன் ஒரு கடிதமும் எழுதவில்லை. சொல்லத்தக்க வெற்றி எதுவும் வாய்க்காத ஆண்டுகள் அவை. 1909இல், தம்பியாருடன் மொழிபெயர்த்து டோக்கியோவில் வெளியிட்ட அயல்நாட்டுக் கதைத் தொகுதிகூட ஏறக்குறைய இருபது பிரதிகளே விற்றது.

ஆயினும் அப்படம் பீக்கிங்கில் அவர் எழுதும் மேசைக்கு எதிரே தொங்கிற்று. 1926இல் ஆசிரியரைப் பற்றிய நினைவுக் கட்டுரையை எழுதினார். 1935இல் யப்பானியத்தில் தம் படைப்புகளின் தெரிவு வெளியானபோது, அக்கட்டுரை அதில் இடம்பெற வேண்டுமென விரும்பினார். ஆசிரியர் எங்கேனும் உயிருடன் இருந்தால் அது கண்ணிற் படக்கூடும் என்ற நப்பாசை போலும். பதவியை இழந்து புக்குயி மாகாணத்தில் கிராம வைத்தியராயிருந்த புஜினோவுக்கு, 1936இல் லூ சுன் மறைந்த வேளையிலேதான் தம் பழைய மாணவர் யாரென்பது தெரியவந்தது. அவர் 1945இல் காலமானார்.

வீடு மாறுகையில் தொலைந்தனவென்று லூ சுன் வருந்திய பாடக்குறிப்பேடுகள் 1951இல் சாவோசிங்கிற் கிடைத்தன. ஆறு தொகுதிகள், பக்கங்கள்தோறும் சிவப்பு மை.