ஒரே அம்பு, அஞ்சு உயிர்... வல்வில் ஓரியை வீழ்த்திய பெண்ணையாற்றுக்காரன்!

கடலூர் செம்மண்டலத்துல இருந்து பாண்டிச்சேரி ரோட்டைப் பிடிச்சா, ஆல்பேட்டை தாண்டி பெண்ணையாற்றுப் பாலம் வந்துடும். தை மாசம் ஆற்றுத் திருவிழாவுக்கு இந்த மணல்ல நீங்களும் நடந்திருப்பீங்க. இதே ஆற்றங்கரையோட மேற்கே போனா திருக்கோவிலூர். அங்கிருந்து தென்மேற்கே போனா கொல்லிமலை.

சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னாடி, இந்த ஆற்றங்கரையை ஆண்ட ஒருத்தன் அந்த மலையை ஆண்ட ஒருத்தனைப் போர்ல கொன்னான். கொன்னவன் மலையமான் திருமுடிக்காரி. செத்தவன் வல்வில் ஓரி. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின கடையெழு வள்ளல்கள் லிஸ்ட் ஞாபகம் இருக்கா? அந்த ஏழு பேர்ல இவங்க ரெண்டு பேரும் உண்டு. ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்ன கதை இது. அதுக்கு முன்னாடி, அந்த வில்லாளன் யாருன்னு பார்த்துடலாம்.

காட்டுக்குள் ஒரு வேட்டைக்காரன்

ஓரியைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதெல்லாம் சங்கப் பாடல்கள் வழியா வந்ததுதான். அதுல முக்கியமான சாட்சி வன்பரணர். புறநானூற்றின் 152-வது பாட்டு அவர் பாடினது. அதைக் கிட்டத்தட்ட ஒரு குறும்படம்னே சொல்லலாம்.

பாணர் கூட்டம் ஒண்ணு காட்டு வழியா நடந்து போகுது. பசி, களைப்பு. அப்போ எதிர்ல ஒரு வேட்டைக்காரன் வில்லை வளைக்கிறான். அம்பு முதல்ல ஒரு யானையைச் சாய்க்குது. அங்கேயே நிற்காம, வாயைப் பிளந்து நின்ன புலியைத் துளைக்குது. அடுத்து கொம்புள்ள ஒரு புள்ளிமான். அதையும் தாண்டி ஒரு காட்டுப்பன்றி. கடைசியா பக்கத்துல இருந்த புற்றுக்குள்ள கிடந்த உடும்பு மேல போய்க் குத்தி நிற்குது. ஒரு அம்பு, அஞ்சு உயிர்!

மாஸ் ஹீரோ இன்ட்ரோ மாதிரி இருக்குல்ல? யானை, புலி விஷயத்துல புலவர் கொஞ்சம் தாராளமா அளந்திருக்கார்னு வெச்சுக்கலாம். ஆனா, மான் விஷயம் அப்படி இல்லை. இன்னிக்கும் வில் வேட்டைல நல்லா எய்த அம்பு மானைத் துளைச்சு மறுபக்கம் வெளியே போய் விழறது சகஜம். வல்வில்னா வலிமையான வில்னு அர்த்தம். அந்த அடைமொழி ஓரி பேரோட ஒட்டிக்கிட்டதுல ஆச்சர்யம் இல்லை.

பரண் நமக்குப் புதுசு இல்லை

அமெரிக்காவுல இலையுதிர்காலம் வந்துட்டா லைசென்ஸ் வாங்கிக்கிட்டு வில்லோட மான் வேட்டைக்குக் கிளம்பற கூட்டம் ஒண்ணு உண்டு. மரத்துல 15, 20 அடி உயரத்துல சின்னதா ஒரு மேடை கட்டி, விடியறதுக்கு முன்னாடியே ஏறி உட்கார்ந்துடுவாங்க. காரணம் சிம்பிள். மானுக்கு மூக்கும் காதும் ரொம்பக் கூர்மை, ஆனா தலைக்கு மேல அவ்வளவா பார்க்காது. உயரத்துல இருந்தா மனுஷ வாசனையும் சீக்கிரம் அதை எட்டாது. வில்லோட எல்லை துப்பாக்கி மாதிரி நீளம் இல்லை. மான் ரொம்பக் கிட்ட வர்ற வரைக்கும் மூச்சை அடக்கிக் காத்திருக்கணும்.

இந்த மேடைக்குத் தமிழ்ல ரொம்பப் பழைய பேர் இருக்கு... பரண். சங்கப் பாடல்கள்ல இதணம், கழுதுன்னும் வரும். மலைச்சரிவுல தினை விளைஞ்சா யானையும் பன்றியும் மானும் தேடி வரும். ராத்திரியில ஆண்கள் பரண்ல காவல் இருப்பாங்க. பகல்ல பெண்கள் ஏறி உட்கார்ந்து கிளி விரட்டுவாங்க. குறிஞ்சி நிலத்துக்கு இலக்கணம் சொல்ற பருவமும் கூதிர்தான், அதாவது ஐப்பசி, கார்த்திகை. மழையும் குளிருமான மாசங்கள். வில்லும் மானும் பரணும் சேர்ந்த அந்த மலை உலகத்தோட தலைவன்தான் ஓரி.

பேரைக் கேட்டதும் வந்த வெட்கம்

சரி, காட்டுக்குத் திரும்புவோம். அஞ்சு உயிர் சாய்ஞ்சதைப் பார்த்த பாணர்கள் அசந்து போய் நிக்கறாங்க. இவன் கூலிக்கு வேட்டையாடுறவன் மாதிரி தெரியலையே, மார்புல முத்து மாலை தொங்குதே, ஒருவேளை ஓரியா இருப்பானோன்னு அவங்களுக்குள்ள ஒரு சந்தேகம். எதுக்கும் பாடித்தான் பார்ப்போமேன்னு முழவையும் யாழையும் எடுக்கறாங்க. முறைப்படி எல்லாத் துறையும் பாடி முடிச்சு, கடைசியா அரசனைக் குறிக்கிற கோ என்ற சொல்லைச் சொல்லறாங்க.

அந்த நிமிஷம் வேட்டைக்காரன் வெட்கப்பட்டுட்டான். யானையைச் சாய்ச்சப்போ நெஞ்சை நிமிர்த்தாதவன், தன் பேரைப் பாட்டுல கேட்டதும் தலைகுனியறான்!

நாடு நாடா சுத்தறோம், உனக்கு நிகரான வேட்டுவனைப் பார்த்ததே இல்லைன்னு பாணர்கள் ஆரம்பிக்கறாங்க. என்ன வேணும்னு அவங்க கேட்கறதுக்குக்கூட ஓரி விடலை. தான் வேட்டையாடின மானோட கொழுத்த கறியைச் சமைச்சுக் கொடுத்தான். உருக்கின நெய் மாதிரி இருந்த மதுவைக் கொடுத்தான். தன் மலைல கிடைச்ச பொன்னையும் மணியையும் கலந்து அள்ளிக் கொடுத்தான். அரண்மனை இல்லை, அவை இல்லை, பார்க்க ஊர்க்கூட்டமும் இல்லை. நட்ட நடுக் காட்டுல நடந்த கொடை இது.

அதே புலவர் இன்னொரு பாட்டுல ஒரு விநோதத்தைச் சொல்றார். ஓரிகிட்ட போய்ப் பொற்பூவும் யானையும் வாங்கி வயிறார சாப்பிட்ட பாணர்கள், ஆடறதையும் பாடறதையுமே மறந்துட்டாங்களாம். பசி இருந்தாத்தானே பாட்டு வரும்!

எல்லா நாளும் அப்படி இல்லைங்கறதும் உண்மை. கழைதின் யானையார் என்ற புலவர் ஓரிகிட்ட வெறுங்கையோட நின்ன ஒரு பாட்டும் புறநானூற்றுல இருக்கு. கேட்கறது இழிவு, இல்லைன்னு சொல்றது அதைவிட இழிவுன்னு நேருக்கு நேரா சொல்லிட்டு, ஆனாலும் உன் மேல கோபம் இல்லை, நான் கிளம்பின நேரம் சரியில்லைன்னு வாழ்த்திட்டுப் போறார். ஒரு வள்ளலோட சறுக்கலையும் சேர்த்தே பதிவு பண்ணி வெச்சிருக்கு நம்ம இலக்கியம்.

ஆற்றங்கரைல இருந்து வந்த போர்

இப்போ காரி பக்கம் வருவோம். தலைநகரம் கோவலூர், இன்றைய திருக்கோவிலூர். மலைக்கோட்டை முள்ளூர். இவனைச் சும்மா வில்லன்னு ஒதுக்கிட முடியாது. கபிலர் இவனை நாலு பாட்டுல பாராட்டியிருக்கார். காலையிலேயே குடிச்சுட்டு அந்த மயக்கத்துல தேரைத் தூக்கிக் கொடுக்கறது யாருக்கும் சுலபம், காரி தெளிவா இருக்கும்போதே கொடுக்கறவன்னு ஒரு பாட்டு. மூவேந்தர்களும் துணைக்குக் கூப்பிட்டுப் பொருளை அனுப்பினா, அதையும் வர்றவங்களுக்கே கொடுத்துட்டு, தன் மனைவியைத் தவிர எதையும் தன்னுதுன்னு வெச்சுக்காதவன்னு இன்னொரு பாட்டு.

அதாவது, காரியோட படைபலம்தான் அவனோட கரன்ஸி. எந்த வேந்தன் பக்கம் அவன் நிக்கறானோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். அவன் சேரனுக்காக நின்ன ஒரு போர்தான் ஓரியோட கடைசிப் போர். காரி ஏறின குதிரைக்கும் காரின்னு பேர், ஓரி ஏறின குதிரைக்கும் ஓரின்னு பேர். அந்த மோதலைச் சிறுபாணாற்றுப்படை குதிரைப் பேரோடவே ஞாபகம் வெச்சிருக்கு.

ஓரி செத்தான். காரி கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அகநானூற்றுல கல்லாடனார் இதைச் சொல்றார்.

கொடுத்தான்... அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஓரி கொடுத்தது தான் வேட்டையாடின கறி, தன் மலைல பிறந்த பொன். காரி கொடுத்தது அடுத்தவனோட மலை. ரெண்டு பேருக்கும் வள்ளல்னு ஒரே பட்டம்தான்.

காரியைப் புகழ்ந்த அதே கபிலர், நற்றிணைல ஒரு அகப்பாட்டுக்குள்ள இந்த மரணத்தையும் வெச்சிருக்கார். தெருவுல ஒரு பெண் நடந்து போனதும் ஊரே கொந்தளிச்ச சத்தத்துக்கு அவர் சொல்ற உவமை எது தெரியுமா? ஓரியைக் கொன்ன பிறகு காரி அவன் ஊர்த் தெருவுல நுழைஞ்சப்போ எழுந்த சத்தம். தங்கள் தலைவனைக் கொன்னவன் தங்கள் தெருவுல வர்றதைப் பார்த்த மக்களோட ஓலம், ஒரு உவமையா உறைஞ்சு இன்னிக்கும் கேட்குது.

அம்பு நிற்கலை

ஓரியோட அம்பு மாதிரியே அந்தப் போரும் ஒரு உடம்போட நிற்கலை. தகடூர், அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, காரியோட கோவலூரை அடிச்சு வீழ்த்தினான். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே அதியமான்தான். பிறகு சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரையே அழிச்சான். மூணு வள்ளல்களோட ஊரும் வரிசையா வீழ்ந்தது. கொடை தெரிஞ்ச சின்ன அரசுகள் ஒண்ணையொண்ணு அடிச்சுக்க, கடைசியில லாபம் பெரிய வேந்தனுக்கு.

இதெல்லாம் வெறும் கதைன்னு தோணுதா? திருக்கோவிலூருக்குப் பக்கத்துல இருக்கிற ஜம்பைக்குப் போனா, பாறைல தமிழ் பிராமி எழுத்துல அதியன் நெடுமான் அஞ்சி பேரே இருக்கு. துறவிகளுக்கு அவன் கொடுத்த குகையைச் சொல்ற கல்வெட்டு அது. வெளி உலகத்துக்குத் தெரிய வந்தது 1981-ல்தான்.

ஆடி மாசம் மலையேறினா...

இன்னிக்கு நாமக்கல் மாவட்டத்துல 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி கொல்லிமலைக்கு மேல போனா, செம்மேட்டுல ஓரிக்குச் சிலை இருக்கு. பைக் ரைடு போறவங்க பலர் அது யாருன்னு கேட்காமலேயே செல்ஃபி எடுத்துட்டு அருவிக்குப் போயிடறாங்க. வருஷா வருஷம் ஆடிப்பெருக்கை ஒட்டி ஆடி 17, 18 தேதிகள்ல அங்கே அரசு சார்பா வல்வில் ஓரி விழா நடக்கும். வில்வித்தைப் போட்டியும் உண்டு.

அங்கே அம்பு பாயறது பலகை மேலதான். 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டைன்னா ஜெயில்தான். ஓரி காலத்துக் காடும் இப்போ இல்லை, அவ்வளவு யானையும் புலியும் இல்லை. மிச்சமிருக்கிற மான்களாவது நிம்மதியா மேயட்டும்.

ஜெயிச்ச காரிக்கு மலை கிடைச்சது, அதை உடனே கைமாத்தியும் விட்டான். தோத்த ஓரிக்கு மலை போச்சு. ஆனா, 2,000 வருஷம் கழிச்சும் அந்த மலைல வருஷா வருஷம் வில்லை வளைச்சு விழா எடுக்கறது யார் பேர்ல? தன் பேரைக் கேட்டு வெட்கப்பட்டவன் பேர்லதான்.

அடுத்த தடவை பெண்ணையாற்றுப் பாலத்துல நின்னு செல்ஃபி எடுக்கும்போது, ஒரு நிமிஷம் மேற்கே திரும்பிப் பாருங்க. காரியோட குதிரை தண்ணி குடிச்ச ஆறுதான் உங்க காலுக்குக் கீழே ஓடுது.